ஃபார்மட் அடிக்கும் முன்

“பாஸ்வேர்டு தப்பு” என்று கணினி சொன்னால் நம் பிள்ளைகள் உடனே நம்பிவிடுகிறார்கள். கணினி அப்படி எதுவும் சொல்லாதபோதும், தாங்கள்தான் தப்பு செய்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பொருள் சின்னதுதான். லினக்ஸ் போட்ட ஒரு கணினி, அப்டேட் ஆன மறுநாள் உள்ளே விட மறுக்கிறது. என்ன செய்வது? இதற்கு நம்மூரில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று: “ஃபார்மட் அடிச்சிடலாம்.” அந்தப் பதிலுக்குத் தலையாட்டும் முன் என்ன கேட்கலாம், எதையெல்லாம் நாமே பார்க்கலாம் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இரவுப் பள்ளி நடத்தும் தோழர்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகள், ஊரில் ஒரு மேஜை போட்டு மனு எழுதித் தருகிறவர்கள் என எல்லோருக்கும் இது என்றாவது ஒருநாள் உதவும்.

எங்களிடம் இருப்பவை

எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தை ஒட்டிய அறையில் இரவுப் பள்ளி நடக்கிறது. அங்கே நான்கு மடிக்கணினிகள் இருக்கின்றன. நான்கும் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியவர்கள், கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு, “வீட்ல சும்மா கெடக்குது, பசங்களுக்கு ஆவட்டும்” என்று கொண்டுவந்து வைத்தவை. பேட்டரி நிற்காது. ஒன்றில் ‘ஏ’ பட்டன் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் ஓடுகின்றன.

இந்த வயதான கணினிகளில் புதிய விண்டோஸ் ஏறாது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு எல்லாவற்றையும் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கடையில் கேட்டால் “ஸ்கிராப்புக்குப் போட வேண்டியதுதான்” என்பார்கள். நாங்கள் ஸ்கிராப்புக்குப் போடாமல் லினக்ஸ் போட்டோம்.

லினக்ஸ் என்பது 1991-ல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் வெளியிட்ட கெர்னல். கணினியின் உறுப்புகளை வேலை வாங்கும் மையப் பகுதிக்குத்தான் கெர்னல் என்று பெயர். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் அதனோடு சேர்ந்துதான் இன்று நாம் பயன்படுத்தும் முழு இயங்குதளம் ஆகிறது. விலை கிடையாது. ஆனால் எனக்கு விலையைவிடப் பெரிதாகப் படுவது வேறு. எங்கே கோளாறு என்று உள்ளே போய்ப் பார்க்க அது நம்மைத் தடுப்பதில்லை. பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று நடந்தது

பி.காம். முதலாண்டு படிக்கும் எங்கள் மாணவி ஒருத்தி, கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மறுநாள் கடைசி நாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் கல்லூரியில் சேரும் முன்பே எங்கள் மையத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அசல்களைச் சேர்க்கையின்போது கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. ஆக, அவள் கைக்கு எட்டும் ஒரே பிரதி அந்த மடிக்கணினிக்குள் இருந்தது.

முந்தின இரவு அப்டேட் தானாகவே இறங்கியிருந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்து கணினியைப் போட்டாள். பெயரைத் தொட்டாள், பாஸ்வேர்டு அடித்தாள், என்டர் தட்டினாள். திரை கருத்தது. இரண்டு விநாடி கழித்து மறுபடி அதே லாகின் பக்கம். மறுபடி அடித்தாள். மறுபடி கருத்து, மறுபடி அதே பக்கம். ஐந்தாறு தடவைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான்தான் ஏதோ தப்பா அடிச்சிட்டேன் போல. லாக் ஆயிடுச்சாக்கா?”

இரண்டு வருஷமாக அதே பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருப்பவள். நோட்டின் பின்னட்டையில் எழுதியும் வைத்திருக்கிறாள். இருந்தும் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான்.

பையன் ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் சர்வீஸ் கடைக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். “லினக்ஸா மேடம்? அதெல்லாம் எதுக்கு? ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தர்றேன். ஐந்நூறு ரூபா.” உள்ளே இருக்கிற ஃபைல் என்ன ஆகும் என்றேன். “அது போயிடும் மேடம்.”

அந்தக் கணினிக்குள் அவளுடைய சான்றிதழ்கள் மட்டும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், இரவுப் பள்ளியின் வருகைப் பதிவு, சுடுகாட்டுப் பாதைக்காகவும் குடிநீர்த் தொட்டிக்காகவும் நாங்கள் கொடுத்த மனுக்களின் நகல்கள், அவற்றுக்கு வந்த பதில் கடிதங்கள் எல்லாம் இருந்தன. “போயிடும்” என்று அவர் ஒரே சொல்லில் சொன்னது இவை அத்தனையும்தான்.

எந்தக் கதவில் நிறுத்தினார்கள்?

தாலுகா ஆபீசுக்குப் போன ஒருவர் திரும்பி வந்து “மனுவை வாங்கல” என்று சொன்னால், களப்பணியில் நாம் முதலில் கேட்பது என்ன? யார் வாங்கவில்லை? கேட்டில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பினாரா, தபால் பிரிவில் சீல் போட மறுத்தார்களா, உள்ளே போய் அதிகாரி சொன்னாரா? மூன்றுக்கும் மூன்று விதமான வழி இருக்கிறது. எங்கே நிறுத்தப்பட்டோம் என்று தெரியாமல் எங்கே போய் முறையிடுவது?

லாகினும் அப்படித்தான். பார்க்க ஒரே பெட்டி. அதற்குள் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு விசைப்பலகை. நாம் தட்டும் எழுத்துதான் உள்ளே போய்ச் சேருகிறதா என்பது.

இரண்டாவது கதவு பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது. லினக்ஸ் நம் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. திருப்பி எடுக்க முடியாதபடி அதை அரைத்து, அந்த மாவை மட்டும் ‘ஷேடோ’ என்ற கோப்பில் வைக்கிறது. சாதாரணப் பயனரால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. நாம் இன்று அடிப்பதையும் அதே முறையில் அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால் “தவறான கடவுச்சொல்” என்று வாய் திறந்து சொல்லிவிடும்.

மூன்றாவது கதவு டெஸ்க்டாப்பைத் திறப்பது. நம் பெயரில் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் எழுத வேண்டும், திரையை வரைய வேண்டும், அமைப்புகளைப் படிக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தடைப்பட்டால் டெஸ்க்டாப் எழுந்திருக்காமல் விழுந்துவிடும். நாம் மறுபடி லாகின் பக்கத்தில் நிற்போம். இதற்கு ‘லாகின் லூப்’ என்று பெயர். பெரும்பாலும் திரையில் ஒரு வார்த்தை விளக்கம் வராது.

எந்தக் கதவு என்று கண்டுபிடிக்கக் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அவளிடம் சொன்னேன்: “இப்ப வேணும்னே தப்பா ஒரு பாஸ்வேர்டு அடி.”

அடித்தாள். தவறு என்று எழுத்து வந்தது.

“இப்ப சரியானத அடி.”

அடித்தாள். எந்தச் செய்தியும் இல்லை. கருத்துத் திரும்பியது.

“பாத்தியா? தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லுது. நீ உன்னோடத அடிச்சப்ப அப்படிச் சொல்லல. உன் பாஸ்வேர்ட அது ஏத்துக்கிச்சு. கோளாறு அதுக்கப்புறம்தான்.”

“அப்ப நான் ஒண்ணும் பண்ணலையாக்கா?”

“நீ ஒண்ணும் பண்ணல.”

சமூகவியல் முதுகலையில் பியர் பூர்தியூவின் ‘குறியீட்டு வன்முறை’ என்ற கருத்தைப் படித்தோம். அடக்கப்படுகிறவர், தன்மீது சுமத்தப்படும் மதிப்பீட்டைத் தன் மதிப்பீடாகவே எடுத்துக்கொள்வது. தேர்வுக்காகப் படித்தபோது அது ஒரு ஐந்து மதிப்பெண் வினா. இரவுப் பள்ளிக்கு வந்த பிறகுதான் அதற்கு முகம் கிடைத்தது. “உனக்கெல்லாம் கணக்கு வராது” என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வாயே திறக்காத இயந்திரம்கூட அதே குரலில்தான் பேசுகிறது. ஏ.சி. ரூமில் கணினி படித்த பிள்ளை “இந்த சிஸ்டம் சரியில்ல” என்று எழுந்துபோய்விடும். நம் பிள்ளை “நான் சரியில்ல” என்று உட்கார்ந்திருக்கும். கணினி பழகுவதில் நாம் முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோளாறு எங்கே என்று தெரியும்வரை குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

முதலில் கோப்பு, பிறகு கணினி

கணினியைச் சரிசெய்வது ஒரு வேலை. உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது வேறு வேலை. அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவ் எங்களிடம் இருந்தது. பரவலாகப் பயன்படும் பல லினக்ஸ்களில், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப்பார்க்கும் வசதி உண்டு. கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து கிளப்பினோம். உள்ளே இருக்கும் டிஸ்க் ஓர் ஓரமாகத் தெரிந்தது. அதைத் திறந்து, ஹோம் ஃபோல்டருக்குள் போய், அவளுடைய சான்றிதழ்களையும் மற்ற முக்கியமான கோப்புகளையும் இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், அதாவது என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால், அதற்கான கடவுச்சொல்லையும் கேட்டிருக்கும். எங்களுடையது அப்படி இல்லை.

அவள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து மடிக்கணினிக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டாள். அன்றிரவே விண்ணப்ப எண் வந்தது. கெடு முடிந்துவிடுமே என்ற பயம் போன பிறகுதான், மீதிப் பேர் நிதானமாக அந்தக் கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

கருப்புத் திரைக்குள் போவது

பென்டிரைவை எடுத்துவிட்டு வழக்கம்போலக் கிளப்பினோம். லாகின் பக்கம் வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினோம். படம் எல்லாம் போய், கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இது எழுத்து வழியாக உள்ளே போகும் இன்னொரு வாசல், அவ்வளவுதான். பயனர் பெயரைத் தட்டி என்டர், பாஸ்வேர்டைத் தட்டி என்டர். பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூட வராது. ஒன்றும் விழவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், அது விழுந்துகொண்டுதான் இருக்கும். லாகின் பக்கத்துக்குத் திரும்ப கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்1 அல்லது எஃப்2 அல்லது எஃப்7.

இந்த வாசலில் உள்ளே விட்டுவிட்டது. கணக்கும் பாஸ்வேர்டும் சரி என்பது இரண்டாவது முறையாக உறுதியானது. கோளாறு டெஸ்க்டாப் திறக்கும் இடத்தில்தான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். நாங்கள் முதலில் தட்டியது ‘டிஎஃப் -ஹெச்’. எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் கட்டளை அது. ஒற்றைச் சாய்கோடு போட்டிருக்கும் வரியைப் பாருங்கள், அதுதான் முதன்மைப் பகுதி. எங்களுக்கு அந்த வரியில் 100% என்று இருந்தது. டிஸ்க் நிரம்பி வழிந்துவிட்டது.

டிஸ்க் நிரம்பினால் லாகின் ஏன் நிற்க வேண்டும்? டெஸ்க்டாப் திறக்கும்போது, ‘எக்ஸ்அத்தாரிட்டி’ என்ற மிகச் சின்னக் கோப்பு ஒன்றை நம் ஹோம் ஃபோல்டரில் எழுதும் அமைப்புகள் உண்டு. இந்தத் திரையைப் பயன்படுத்த இவருக்கு அனுமதி உண்டு என்பதற்கான சீட்டு அது. எழுத இடமில்லை என்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் டெஸ்க்டாப் விழுந்துவிடும். எழுத்து வாசலுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை, அதனால் விட்டது.

டிஸ்க் முழுக்க நிரம்பினாலும் நிர்வாகிக் கட்டளைகள் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. லினக்ஸில் பரவலாக இருக்கும் ‘எக்ஸ்ட்4’ கோப்பு முறை, மாற்றாமல் விட்டால், 5% இடத்தை ‘ரூட்’ என்ற நிர்வாகிக்காக ஒதுக்கி வைத்திருக்கும். வீடு நிரம்பினாலும் பழுது பார்க்க ஒருவர் நுழைய வழி விட்டிருக்கிறார்கள்.

நிரப்பியது யார்? ஒருவரும் இல்லை. அப்டேட் இறங்கும்போது பேக்கேஜ்களின் நகல் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே போகும். புதிய கெர்னல் வந்தால் பழையதை உடனே தூக்கிவிடாமல் பக்கத்திலேயே வைத்திருக்கும். கணினி எழுதும் பதிவேடுகளும் வளரும். எங்கள் லினக்ஸுக்கு ஒதுக்கிய பகுதி 25 ஜிபிதான். மேலே பிள்ளைகளின் பாடக் காணொளிகள் வேறு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அன்று விளிம்பைத் தொட்டுவிட்டன.

டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்து லினக்ஸ்களில் செய்ய வேண்டியது இது. ‘சுடோ ஏபிடி கிளீன்’ என்று தட்டினால், இறங்கிச் சேர்ந்திருக்கும் பேக்கேஜ் நகல்கள் போகும். நிறுவிய மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. ‘சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்கம்-சைஸ்=100எம்’ என்றால் பழைய பதிவேடுகள் குறைந்து 100 எம்பி அளவுக்கு வரும். இதில் கடைசி எம் மட்டும் பெரிய எழுத்து. கொஞ்சம் இடம் கிடைத்ததும் ‘சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. இடமில்லாமல் பாதியில் நின்ற அப்டேட்டை அது முடித்துவைக்கும். அதன் பிறகு ‘சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’. இனித் தேவைப்படாத பழைய கெர்னல்கள் போகும். எவற்றை நீக்கப் போகிறது என்று அது பட்டியல் காட்டி அனுமதி கேட்கும், படித்துப் பார்த்துவிட்டு ஒய் தட்டுங்கள். கடைசியாக ‘சுடோ ரீபூட்’.

கணினி எழுந்தது. பாஸ்வேர்டு அடித்ததும் டெஸ்க்டாப் வந்தது. மொத்தச் செலவு முக்கால் மணி நேரமும் ஒரு சுற்று டீயும்.

ஓர் எச்சரிக்கை. இடம் வேண்டும் என்று ‘ஆர்எம்’ கட்டளையால் கண்டதை அழிக்காதீர்கள். அது குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். ஒரு கட்டளை என்ன செய்யும் என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகு மட்டும் என்டர் தட்டுவது என்று எங்கள் மையத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம்.

மற்ற கதவுகளில் நின்றால்

எல்லாருக்கும் டிஸ்க்தான் காரணமாக இருக்கும் என்றில்லை.

முதல் கதவில் நிற்கிறவர்கள் நிறையப் பேர். கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். பிறகு மொழியைப் பாருங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையை நாம் பலரும் நிறுவி வைத்திருக்கிறோம். லாகின் பக்கத்தில் மொழி தமிழுக்கு மாறியிருந்தால், நாம் ஆங்கிலம் என்று நினைத்துத் தட்டுவது வேறு எழுத்தாக விழும். வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்க முடியாது. பல லாகின் பக்கங்களில் மூலையில் மொழிக்குறி இருக்கும், அதைப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பயனர் பெயர் அடிக்கும் பெட்டியில் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம். எந்த எழுத்து விழுகிறது என்று கண்ணால் தெரிந்துவிடும்.

இரண்டாவது கதவில், சில கணினிகளில் ‘ஃபெயில்லாக்’ என்று ஒரு காவல் இருக்கும். யாரும் மாற்றியமைக்கவில்லை என்றால், 15 நிமிடத்துக்குள் 3 முறை தவறாக அடித்தால் 10 நிமிடம் பூட்டிவிடும். அதற்குப் பிறகு சரியானதை அடித்தாலும் ஏற்காது. பதற்றத்தில் திரும்பத் திரும்ப அடிக்காமல் பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வருவதுதான் மருந்து.

மூன்றாவது கதவில் இன்னும் இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று உரிமை. மேலே சொன்ன எக்ஸ்அத்தாரிட்டி சீட்டு நம் பெயரில் இல்லாமல் ரூட் பெயருக்கு மாறியிருக்கும். திரையில் ஓடும் மென்பொருளை சுடோ போட்டுத் திறக்கும்போது இப்படி ஆவதுண்டு. எழுத்து வாசலில் நுழைந்து ‘எல்எஸ் -எல்ஏ’ தட்டினால் ஒவ்வொரு கோப்பின் சொந்தக்காரர் பெயரும் தெரியும். ரூட் என்று இருந்தால் ‘சுடோ சௌன்’ கட்டளையால் நம் பெயருக்கு மாற்றலாம். நம் வீட்டில் இருக்கிற பொருளுக்குப் பட்டா வேறு பெயரில் இருப்பது மாதிரி. கைவைக்க முடியாது.

இன்னொன்று திரை. அப்டேட்டில் புதிய கெர்னல் வந்திருக்கும். கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் அதோடு சேராமல் நிற்கும். தனியாக நிறுவிய டிரைவர்களில் இது அதிகம். பழைய கெர்னல் பக்கத்திலேயே இருக்கிறது என்றேனே, அது இங்கேதான் கைகொடுக்கும். கணினி கிளம்பும்போது வரும் ‘கிரப்’ பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துக் கிளப்புங்கள். அதில் உள்ளே போக முடிந்தால் பிரச்சினை புதிய கெர்னலில் என்று தெரிந்துவிடும்.

குழப்பம் தீரவில்லையா? எழுத்து வாசலில் ‘சுடோ ஆட்யூசர்’ கட்டளையால் புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைந்து பாருங்கள். புதியவரை விட்டால் கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில். அவரையும் விடவில்லை என்றால் கோளாறு பொதுவானது. இந்த ஒரு சோதனையே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவேடு. வன்கொடுமை வழக்கில் நாம் முதலில் கேட்பது முதல் தகவல் அறிக்கையின் நகல். அதைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. “எழுதிட்டோம், போங்க” என்று வாயால் சொல்வதை நாம் ஏற்பதில்லை. கணினியிடமும் அப்படிக் கேட்கலாம். ‘ஜர்னல்சிடிஎல் -பி -பி எர்’ என்பது இந்தமுறை கணினி கிளம்பியதிலிருந்து பதிவான பிழைகளை நேர வரிசையில் காட்டும். முதல் ‘பி’ பந்து என்பதில் வரும் ஆங்கில எழுத்து, இரண்டாவது ‘பி’ பேனா என்பதில் வருவது. திரையில் ஒரு வார்த்தையும் சொல்லாத கணினி, இங்கே “இடம் இல்லை” என்று எழுதி வைத்திருக்கும். அந்த வரியைப் படிக்க ஆங்கிலம் கொஞ்சம் போதும். புரியாவிட்டால் அந்த வரியைப் போட்டோ எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். “லாகின் ஆகல” என்று அனுப்புவதைவிட அது நூறு மடங்கு உதவும்.

பூட்டு யாருக்காக

மேலே சொன்னதைப் படித்தபோது ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாமல் பென்டிரைவ் போட்டு நாங்கள் கோப்புகளை எடுத்தோம் என்றால், வேறு யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே?

எடுக்கலாம். லாகின் பாஸ்வேர்டு வாசலைத்தான் காக்கிறது, டிஸ்க்கைக் காப்பதில்லை. கணினி கையில் கிடைத்தவருக்கு, டிஸ்க் என்கிரிப்ட் ஆகாமல் இருந்தால், உள்ளே இருப்பது திறந்த புத்தகம். பிள்ளைகளின் பாடக் குறிப்புக்கு இது போதும். ஆனால் நம்மில் பலர் உண்மையறியும் குழு அறிக்கைகள், பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலக் குறிப்புகள், சாட்சிகளின் பெயர், போன் எண் எல்லாவற்றையும் இதே மாதிரி மடிக்கணினியில்தான் வைத்திருக்கிறோம். அது திருடு போனால் ஆபத்து நமக்கு இல்லை, அந்தச் சாட்சிக்கு. அப்படிப்பட்ட வேலைக்கு வைத்திருக்கும் கணினியில், லினக்ஸ் நிறுவும்போதே முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்யும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். சேர்த்து இதையும் மனதில் வையுங்கள். அந்தக் கடவுச்சொல் மறந்தால், வேறு சாவி எதையும் முன்பே ஏற்படுத்தி வைக்காதபட்சத்தில், கோப்புகளை மீட்க வழி இல்லை. அதனால் நகல் இன்னொரு பாதுகாப்பான இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கணினி நோட்டு

இதற்குப் பிறகு அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்று ஒரு தம்பி சொன்னான். வேண்டாம் என்றோம். அப்டேட்டில்தான் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருகின்றன. அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அப்டேட். அதற்கு முன் டிஎஃப் பார்க்க வேண்டும். 80%-க்கு மேல் இருந்தால் முதலில் சுத்தம், பிறகு அப்டேட். கடைசி நாள் எதுவும் நெருங்கும் வாரத்தில் அப்டேட் கிடையாது. பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் எப்போதும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று அலமாரியில் தயாராக இருக்க வேண்டும்.

இதோடு நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கி வைத்தோம். கணினியில் கோளாறு வந்தால் தேதி, திரையில் என்ன தெரிந்தது, என்ன தட்டினோம், என்ன ஆனது, யார் செய்தார்கள் என்று எழுத வேண்டும். தமிழில், அவரவர் கையெழுத்தில். முதல் பக்கத்தை அந்த பி.காம். மாணவிதான் எழுதினாள். அடுத்த மாதம் இன்னொரு கணினியில் பத்தாம் வகுப்புப் பையனுக்கு லாகின் பக்கம் திரும்பத் திரும்ப வந்தபோது, அவன் என்னைக் கூப்பிடவில்லை. நோட்டைப் புரட்டினான். வேண்டுமென்றே தப்பாக ஒரு பாஸ்வேர்டு அடித்துப் பார்த்தான். அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தை அவருடைய அதிகாரமாகிவிடுகிறது. கடைக்காரருக்கு மட்டும் தெரிந்தாலும் அப்படித்தான், எனக்கு மட்டும் தெரிந்தாலும் அப்படித்தான். அதனால் எந்த வேலையையும் குறைந்தது இரண்டு பேர் கற்றிருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அப்படிச் சொல்லி வைக்காவிட்டால், கட்டளை தட்டும் இடத்தில் பையன்களும், டீ வாங்கி வரும் இடத்தில் தங்கைகளும் போய் நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் மையத்திலும் விடுதியிலும் ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். எந்தக் கதவில் நின்றது? பதிவேட்டில் என்ன இருக்கிறது? கோப்புகளின் நகல் எடுத்தாயிற்றா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதும்வரை யாரும் ஃபார்மட் என்ற சொல்லை உச்சரிக்க வேண்டாம்.